ஆணி குடிக்கும் நேரம்

நிற்கும். நிற்காமல் எங்கே போகப்போகிறது? தண்ணீர் நூல் அளவுதான் வருகிறது. நான் அடித்த மர ஆணியின் இடது விளிம்பில் கிளம்பி, வள்ளத்தின் நீலத் தரையில் வளைந்து வளைந்து பின்பக்கம் ஓடி, எஞ்சினுக்குக் கீழே போய்த் தேங்குகிறது. தேங்கட்டும். ஆணி முதலில் குடிக்க வேண்டும். குடித்தால் பருக்கும், பருத்தால் துளையை இறுக்கும், இறுக்கினால் தண்ணீர் நிற்கும். கரையில் நிற்கிற எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டுதான் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். நாளை மறுநாள் என் மகள் நிரோசினிக்குக் கலியாணம். மாப்பிள்ளையின் வள்ளத்தில் பெண்வீட்டார் ஒரு மர ஆணி அடிக்க வேண்டும். அடித்தவர் அந்த வள்ளத்தில் ஏறித் தனியாகக் கடலில் இருக்க வேண்டும். ஆணி குடித்து முடிந்து, இனி ஒரு சொட்டும் உள்ளே வராது என்று ஆன பிறகுதான் இறங்கலாம். எங்கள் தீவில் பெண் கொடுப்பது என்றால் இதுதான், மற்றதெல்லாம் சாப்பாடும் சோடிப்பும். நாலு மணிக்கு ஏறினேன். ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும், அதுதான் கெடு. கரையிலிருந்து பத்துப் பாகம், கூப்பிட்டால் கேட்கும் தூரம் தள்ளி, நெஞ்சளவு தண்ணீரில், ஒற்றை நங்கூரத்தில் ஆடிக்கொண்டு, பாதியாக வெட்டிய பெயின்ற் வாளியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன் நான், மரியானின் பெண்சாதி செபஸ்தியம்மா, ஐம்பத்திரண்டு வயது, இடது முழங்கால் சரியாக மடங்காது. அதோ நடுவில் வெள்ளைச் சாரத்தோடு நிற்பவர்தான் மாப்பிள்ளையின் தகப்பன், சந்தியாப்பிள்ளைச் சம்மாட்டியார், இந்த வள்ளத்தோடு சேர்த்து மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரர். கையில் என்ன? ரெசின் டின். ஓட்டை அடைக்கிற பசை. மூடியைக்கூடத் திறந்து வைத்திருக்கிறார் மனுசன், காயாமல் இருக்கக் குச்சியால் கிண்டுகிறார். “என்ன சம்பந்தி, குளிக்கிறியளோ?” என்று சற்று முன் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். “ஓம், ஒரு சவுக்காரம் எறிஞ்சு விடுங்கோ” என்று நானும் கத்தினேன். அதற்கும் சிரித்தார்கள். யார் பக்கம் என்று இல்லாமல் எல்லாவற்றுக்கும் சிரிக்கிற சனம்.

ஓட்டை போட்டதைத்தான் அவரால் இன்னும் தாங்க முடியவில்லை. பலகை வள்ளம் என்றால் நூறு ஆணியோடு நூற்றியொன்று. இது பைபர் வள்ளம், ஒரே வார்ப்பு, உடம்பில் ஓர் இடத்திலும் தையல் இல்லை. பைபர் வள்ளம் வந்த நாளிலிருந்து இங்கே பெண் கொடுப்பவர்கள் ஆணியை றிபன் கட்டி எஞ்சினில் தொங்கவிடப் பழகிவிட்டார்கள். போன ஆவணியில் ஒரு கலியாணத்தில் ஆணிக்குப் பொன் பூச்சுக்கூடப் பூசியிருந்தார்கள். தொங்குகிற ஆணி எதைக் குடிக்கும், வெயிலையா? நான் முடியாது என்றுவிட்டேன். முன்பக்க அணியத்துக்கும் நடுவுக்கும் இடையில், கடல் முதலில் வந்து மோதுகிற இடத்தில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே துளை போட வேண்டும், அதில் என் ஆணி போக வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சம்மாட்டியார் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “சம்பந்தி, உங்களுக்கு விசரோ? புது வள்ளத்திலை நானே ஓட்டை போடுறதோ?” மாப்பிள்ளை டெனிஸ்ரன் தகப்பனையும் பார்க்கிறான், என்னையும் பார்க்கிறான், நல்ல பெடியன், ஆனால் தகப்பன் முன்னால் வாய் திறக்கமாட்டான். நிரோதான் தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்று, “ஆணி இல்லாட்டி நான் வரேல்லை மாமா” என்றாள். கோபமில்லாமல், தேத்தண்ணிக்குச் சீனி போடவா என்று கேட்கிற குரலில் சொன்னாள். என் பிள்ளை. அப்போது எனக்கு வந்த சந்தோசத்தில் தட்டைப் பறித்து நானே எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். துளை போட வந்த மெக்கானிக் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். “அன்ரி, இருபது வருசமா ஓட்டை அடைக்கிறவன் நான். போடச் சொல்லி இண்டைக்குத்தான் ஒராள் கேக்குது.” போட்டான். வட்டமாக, அளவாக, பெருவிரல் பருமனில். அடிக்க வேண்டியவன் தாய்மாமன், என் தம்பி யாக்கோப்பு. அவன் பாரிசில். போனில் முகம் காட்டி, “அக்கா, இப்ப வெளிக்கிட்டா நான் திரும்பிப் பாரிசுக்குள்ளை வரேலாது, விசாப் பேப்பர் இன்னும் சரிவரேல்லை, நீயே அடி” என்றான். அதோடு விட்டானா? “இஞ்சை பித்தளையிலை நல்ல அடைப்பு விக்குது அக்கா, பார்சல் போடவோ?” வையடா போனை என்றேன். பெண் ஒருத்தி ஆணி அடித்து இந்தத் தீவில் யாரும் பார்த்ததில்லை, இன்று பார்த்தார்கள். மூன்று அடி. முதல் அடி பொத்தென்று விழுந்தது, இரண்டாவது கொஞ்சம் இறுகி, மூன்றாவது கல்லில் விழுந்த சத்தம். அந்த மூன்றாவது சத்தம் இன்னும் என் தோளில் இருக்கிறது.

நூல் கொஞ்சம் மெலிந்த மாதிரி இருக்கிறதா? இல்லை, வள்ளம் ஆடுகிறது, பின்னால் தேங்கிய தண்ணீர் முன்னால் வந்து ஆணியை மூடிவிட்டுப் போகிறது, ஒன்றும் விளங்கவில்லை. இறைத்து ஊற்று செபத்தி. ஒரு வாளி, இரண்டு வாளி. மரத்தை இங்கிருந்தே பார்க்கலாம். கோயிலுக்கு இடது பக்கம், என் காணியின் கடல் ஓரத்தில், கல்லுக்குள் கால் வைத்துக் குனிந்து நிற்கிறதே, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அதுதான். ஆணிமரம். பார்த்தால் பத்தை, வெறும் புதர் என்றுதான் சொல்வார்கள், சம்மாட்டியாரும் அப்படித்தான் சொல்கிறார். பத்தையாம். என் பூட்டன் காலத்திலும் இதே உயரம், இதே குனிவு என்று சொல்வார்கள். மண் கேட்காது, நல்ல தண்ணீர் கேட்காது, முருகைக்கல்லும் உப்புக் காற்றும் போதும். தடித்த சின்ன இலை, வாயில் போட்டால் புளிப்பும் உப்பும் ஒன்றாக வரும். கடலில் வாந்தி எடுப்பவர்கள் மென்றால் நிற்கும், தண்ணீர் முடிந்துபோனால் தாகத்துக்கும் அதுதான். புளி வாங்கக் காசில்லாத நாளில் மீன் சொதிக்கு ஒரு பிடி இலை. வாய்ப்புண்ணுக்குப் பட்டை ஊறிய தண்ணீர். வெள்ளைப் பூ, கசங்கிய கடுதாசி மாதிரி, மணமும் இல்லை பெருமையும் இல்லை. ஆனால் மரம்! வெட்டித் தண்ணீரில் போட்டால் கல்லாக அடிக்குப் போகும். உலக்கைக்கும் நங்கூரக் கொம்புக்கும் கிழவர்களின் கைத்தடிக்கும் அதற்கு மிஞ்சி ஒன்று கிடையாது. முந்தி இந்தக் கரை முழுக்க நின்றதாம். சுண்ணாம்புச் சூளைக்காரர் வெட்டி எரித்தார்கள், மிச்சக் குருத்தை ஆடு தின்றது. இரண்டு வருசத்துக்கு முன்னால் கம்பசிலிருந்து, மரம் செடி படிக்கிற ஒரு பிள்ளை வந்தாள், தர்சிகா என்று பெயர், வெயிலில் தொப்பியோடு மூன்று நாள் தீவு முழுக்க நடந்தாள். நாலு மரம்தான் இருக்கிறது அன்ரி என்றாள். இந்த நாலும் இந்தத் தீவில்தான், பக்கத்துத் தீவிலும் இல்லை, பெருநிலத்திலும் இல்லை, நாலில் காய்ப்பது உங்கள் மரம் ஒன்றுதான் என்றாள். நாடாவை வைத்து அடிமரத்தை அளந்தாள். நாடாவின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயத்தில் இல்லை, பெருமையில். உலகத்தில் காய்ப்பது ஒன்று, அது என் வேலிக்குள் நிற்கிறது. பிள்ளை பெற்றபோதுகூட அப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை, இதை நிரோவிடம் சொல்லக்கூடாது.

அந்தக் காணிதான் நிரோவுக்குச் சீதனம். காணியில் சம்மாட்டியார் ஐஸ் அறை கட்டப்போகிறார். கட்டட்டும், ஐஸ் இல்லாமல் எங்கள் மீன் பெருநிலம் போய்ச் சேர்வதற்குள் பாதி விலையாகிவிடுகிறது, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் லொறி திரும்ப இடம் வேண்டுமாம், மரம் நிற்கிற இடத்தில்தான் லொறி திரும்புமாம். காணி பெண்ணின் பெயரில், கேட்டால் நிரோ மறுப்பாள், மறுத்தால் கலியாணமான முதல் மாதமே மாமனோடு சண்டை. என் பிள்ளையின் சீவியம் ஒரு மரத்துக்காக முகம் திருப்புதலில் தொடங்கக்கூடாது. அதனால் நானே பேசினேன், நாள் வைக்கப் போன அன்று, எல்லார் முன்னாலும். அவர் பந்தயம் என்றால் விடாத ஆள், சேவல் சண்டைக்காரர். “சரி சம்பந்தி. உங்கடை ஆணி என்ரை வள்ளத்திலை ஒரு சொட்டு விடாமல் நிண்டா, அந்தப் பத்தையை நான் தொடன். லொறியைப் பின்பக்கத்தாலை எடுப்பம். ஆறு மணி மணியடிக்கேக்கை வள்ளத்துக்குள்ளை தண்ணி தேங்கி நிண்டா, அடுத்த கிழமை பத்தையைக் கிளப்பப் பெக்கோ மிசின் வரும். சம்மதமோ?” சம்மதம் என்றேன். யோசிக்கவே இல்லை. யோசித்திருக்கலாம். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, நிரோவுக்கும் சொல்லவில்லை, சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை.

சொல்லிவிடுகிறேன், இந்த வள்ளத்துக்குள் யார் கேட்கப்போகிறார்கள். பெண்பிள்ளை பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்ட அன்று மரத்தில் ஒரு கொப்பு வெட்ட வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு கொப்பு, இரண்டாவது வெட்டக்கூடாது. அதைப் பட்டை உரித்து அடுப்புக்கு மேலே கட்டிவிட்டால், பிள்ளைக்குக் கலியாணம் வரும்வரை புகை குடித்துக் காயும். அதில்தான் ஆணி சீவுவது, மிச்சத்தில் அவளுக்கு ஒரு மத்து. பச்சை மரம் ஆணிக்கு ஆகாது. எவ்வளவு காய்ந்ததோ அவ்வளவு குடிக்கும், எவ்வளவு குடிக்குமோ அவ்வளவு இறுகும். நிரோவின் கொப்பு பதின்மூன்று வருசம் என் அடுப்புக்கு மேலே தொங்கியது. நடுவில் யாக்கோப்பு அனுப்பிய காசில் காஸ் அடுப்பு வந்தது, நான் கொப்புக்காகவே விறகடுப்பையும் எரித்தேன், சோறு காஸ் அடுப்பில், புகை கொப்புக்கு. பக்கத்து வீட்டு றெஜினா, “செபத்தியக்கா ரெண்டு அடுப்புக்காரி” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். சொல்லட்டும். அதெல்லாம் சரியாகத்தான் நடந்தது. போன வருசக் கார்த்திகையில் புயல் வந்ததுதான் சரியில்லை. தகரம் பறந்தது, குசினிக்குள் முழங்காலளவு தண்ணீர், நாங்கள் கோயிலுக்குள் இரண்டு நாள். திரும்பி வந்தபோது கயிறு அறுந்து கொப்பு தண்ணீருக்கு அடியில் கிடந்தது. மிதந்திருந்தாலாவது பாதி தப்பியிருக்கும். ஆனால் அது மிதக்கிற சாதியா? கல்லாக அடியில் கிடந்து இரண்டு நாளும் குடித்திருக்கிறது. எடுத்து மடியில் வைத்துத் துடைத்தேன். அழுதேனா? அழுதேன். பிறகு ஒருவருக்கும் தெரியாமல் சேலையில் சுற்றிக் கொண்டுபோய்ப் பேக்கரிக்காரனிடம் கொடுத்து, ஒரு மாதம் அவன் பாண் சுடும் போறணைக்கு மேலே வைத்தேன். உலக்கைக்கு என்று பொய் சொன்னேன். காய்ந்தது, தட்டினால் சத்தம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஒருமுறை குடித்த மரம் மறுபடி குடிக்குமா? இதைத்தான் யாரிடம் கேட்பது? தச்சன்மாரைக் கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். கம்பஸ் பிள்ளையை ஒருநாள் போனில் கூப்பிட்டு, அவள் “சொல்லுங்கோ அன்ரி” என்றதும் மரம் பூத்திருக்கு என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஒருமுறை குடித்தது மறுபடி குடிக்குமா? நாலு மணியிலிருந்து இந்த ஒரே கேள்வி. இறைத்து ஊற்றும்போது குடிக்கும் என்கிறது மனம், வாளியைக் கீழே வைத்தால் குடிக்காது என்கிறது.

“மாமி, நிழலுக்குக் குடை தரவோ?” என்று டெனிஸ்ரன் கத்துகிறான். கிட்ட வரக்கூடாது என்பதால் இடுப்பளவு தண்ணீரில் நின்று குடையை ஆட்டுகிறான். வேண்டாமப்பு, என்றேன். வெயில் என்ன செய்யும். மரியானும் இப்படித்தான் கத்துவார், கடலிலிருந்து, உலை வை என்று. அவரது வள்ளம் பலகை வள்ளம். அதில் எனக்காக யாக்கோப்பு அடித்த ஆணி. அப்போது அவனுக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை, அடித்துவிட்டு ஏறி இருந்து, அரை மணித்தியாலத்தில் நின்றுவிட்டது என்று குதித்தான். எட்டு வருசம் ஓடியது அந்த வள்ளம். பிறகு ஒரு ஐப்பசி. மரியான் வரவில்லை, வள்ளமும் வரவில்லை. நிரோ அப்போது பால்குடி. மூன்றாம் கிழமை மேற்குக் கரையில் ஒரு பலகை ஒதுங்கியது, முழங்கை நீளம், இரண்டு பக்கமும் பிய்ந்து, நடுவில் ஆணி. மற்ற எல்லாம் கழன்று போயிருக்க, என் ஆணி மட்டும் பலகையை விடாமல் நின்றது. அதைப் பார்த்து எல்லாரும் அழுதார்கள். எனக்கு முதலில் வந்தது கோபம், பலகையைப் பிடித்தது போல ஆளையும் பிடித்திருக்கக்கூடாதா என்று. அழுகை பிறகுதான் வந்தது, அது இன்னும் முடியவில்லை. ஆனால் கோபத்துக்குள்ளேயே ஒரு பெருமையும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும், கடலோடு பிடுங்குப்பட்டுத் தோற்காமல் திரும்பி வந்தது எங்கள் வீட்டு ஆணிதான். பலகையைக் குசினியில் தட்டாக வைத்தேன், உப்புப் போத்தல் வைக்க. வருசம் போகப் போக ஆணி காய்ந்து தளர்ந்தது, பலகையை எடுத்தால் துளைக்குள் கடகடவென்று ஆடும். நிரோ சின்னவளாக இருந்தபோது அதை ஆட்டிக் காட்டித்தான் சோறு ஊட்டினேன். கடகட, அப்பா வாறார், கடகட. அந்தப் பலகைகூடப் புயலில் விழுந்ததுதான். தண்ணீருக்குள் கிடந்தது, எடுத்துக் கழுவினேன், திருப்பிப் பழைய இடத்தில் வைத்தேன், வைக்கும்போது. வைக்கும்போது சத்தம் வரவில்லை.

சத்தம் வரவில்லையே! ஏன் இதை இவ்வளவு நாளும் நினைக்கவில்லை? ஆட்டினேன், ஆடவில்லை. விரலால் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. சேறு அடைத்துக்கொண்டது என்று நினைத்து உப்புப் போத்தலை எடுத்து மேலே வைத்துவிட்டேன். கொப்பின் கவலையில் பலகையை யார் யோசித்தார்கள்? சேறில்லை செபத்தி. எட்டு வருசம் குடித்து, இருபது வருசத்துக்கு மேலே காய்ந்து, இரண்டு நாள் தண்ணீரில் மறுபடி குடித்துப் பலகையைப் பிடித்துக்கொண்டது. குடிக்கும். ஒருமுறை இல்லை, எத்தனை முறையும் குடிக்கும். என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்திருக்க வேண்டும், கரையில் தலைகள் திரும்பின. “என்ன சம்பந்தி, வள்ளம் தாழுதோ?” குனிந்து விரலை ஆணியின் விளிம்பில் வைத்தேன். இடது பக்கம், நூல் கிளம்பிய இடம். ஒன்றும் இல்லை. வலது பக்கம் ஒன்றும் இல்லை. நின்றுவிட்டது. எப்போது நின்றது? நான் மரியானோடு இருந்தபோது நின்றிருக்கிறது. நெஞ்சு நிறைந்து நிமிர்ந்து பார்த்தால், பின்னால் எஞ்சினுக்குக் கீழே தண்ணீர். நான் இறைத்து ஊற்றிய இடத்தில் மறுபடி தண்ணீர், முன்பைவிடக் கூட. இறைத்தேன், எண்ணாமல் இறைத்தேன், அடி தெரிந்தது. வாளியைக் கீழே வைத்து ஒரு செபம் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி ஈரம் ஏறுகிறது. அப்படியென்றால் விரல் பொய் சொல்கிறதா? உப்புத் தண்ணீரில் ஊறிய விரலுக்கு என்ன தெரியும். நின்றது என்று நான் நினைக்க விரும்பினேன், விரலும் என் பக்கம் பேசுகிறது. சூரியன் கோயில் கூரைக்கு வந்துவிட்டது. இன்னும் கால் மணித்தியாலம் இருக்குமா? பெக்கோ ஒரு கையால் பிடுங்கும், முருகைக்கல்லோடு சேர்ந்து வரும், வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரியும். சம்மதம் என்று சொன்ன வாய் என்னுடையது. பயமாக இருக்கிறது. அது கரையிலிருந்து தெரியக்கூடாது என்று வாளியை மடியில் அழுத்திப் பிடித்தேன்.

வாய்க்குள் இலை. ஏறும்போது வாந்திக்கு என்று நாலு இலை முந்தானையில் முடிந்து வந்தேன், அதில் ஒன்றை எந்த நேரம் மென்றேனோ, புளிப்பு இப்போதுதான் தெரிகிறது. துப்பினேன். பச்சைத் துகள் ஆணிக்குப் பக்கத்தில் தண்ணீரில் விழுந்தது, விழுந்த இடத்திலேயே நின்றது. வள்ளம் ஆடினால் ஆடியது, ஆட்டம் நின்றால் அதுவும் நின்றது. ஆணியிலிருந்து தண்ணீர் வந்தால் அது தள்ளப்பட வேண்டும். தள்ளப்படவில்லை. விரல் பொய் சொல்லலாம், இலைக்கு என் மேல் என்ன பட்சம்? மற்ற மூன்று இலையையும் முடிச்சவிழ்த்து வாயில் போட்டு அரைத்தேன். முழங்காலை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன், வள்ளத்துக்குள் தவழ்ந்து போகிற சம்பந்தியைப் பார்க்கட்டும், சிரிக்கட்டும். எஞ்சினுக்குக் கீழே துப்பினேன். துகள் எல்லாம் ஓர் இடத்திலிருந்து விலகி விலகி என் பக்கம் வந்தன. அந்த இடத்தில் கையை விட்டேன். வள்ளத்தின் பின்சுவரின் அடியில், வார்க்கும்போதே விட்ட துளை, வள்ளத்தைக் கரையில் இழுத்தால் உள்தண்ணீரை வெளியே விடுவதற்கு. அதில் கறுத்த றப்பர் தக்கை. பட்டறையிலிருந்தே வந்த தக்கை, புத்தம் புதிது. அதன் ஓரத்தால் தண்ணீர் என் உள்ளங்கையில் குளிராக முட்டுகிறது. இரண்டு மணித்தியாலமாக நான் என் ஆணியைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். பதின்மூன்று வருசம் புகை பார்த்ததை, கடலிலிருந்து திரும்பி வந்த ஆணியின் தங்கச்சியை. வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்துக்கு மேலே பெருமை ஏறி வந்தது, முன்னால் திரும்பி வந்து முந்தானையை உருவி ஆணியைச் சுற்றித் துடைத்தேன், இறைத்தேன், மறுபடி துடைத்தேன், தரை வெயிலில் காய்கிற அளவுக்குத் துடைத்தேன்.

மணி அடித்தது. சனம் சிலுவை போட்டுக்கொண்டது. சம்மாட்டியார் சாரத்தை மடித்துக் கட்டி, ரெசின் டின்னைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். நல்ல நடை, தண்ணீரில் அவர் நடந்தால் இன்னும் இளந்தாரி போலத்தான் இருக்கும். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தார், பின்னால் தேங்கி நின்றதைக் கண்டார், முகம் மலர்ந்தது. “தண்ணி நிக்குதே சம்பந்தி.” “நிக்குது.” “அப்ப கதை முடிஞ்சுது.” “கையை வைச்சுப் பாத்திட்டு முடியுங்கோ” என்றேன். ஆணியைக் காட்டினேன். உள்ளங்கையை வைத்தார். சும்மா வைக்கவில்லை, கடலில் நாற்பது வருசம் இருந்த கை, ஓரம் ஓரமாகத் தடவினார், அழுத்தினார், விரலை எடுத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. நான் அவரது கையைப் பிடித்துப் பின்னுக்குக் கொண்டுபோய்த் தக்கையின் மேலே வைத்தேன். சம்பந்தியின் கையைப் பிடிக்கலாமா கூடாதா என்று அப்போது யோசிக்கவில்லை. கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. கரையிலிருந்து “என்னவாம்? என்னவாம்?” என்று கத்துகிறார்கள். நிரோ மண்ணில் இரண்டு கையையும் கோர்த்துக்கொண்டு நிற்கிறாள், முகம் இங்கிருந்து தெரியவில்லை, நிற்பு தெரிகிறது. சொல்லிவிடவா? தொண்டை வரை வந்தது, சம்மாட்டியாரின் தக்கை ஒழுகுகிறது என்று தீவு முழுக்கக் கேட்கக் கத்த வேண்டும் போல இருந்தது, இரண்டு மணித்தியாலம் சிரித்த வாயெல்லாம் இனி அவர் பக்கம் திரும்பட்டும். நான் கத்தவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேவல் தோற்றால் தோற்றது என்று சொல்கிற ஆள் அவர், அது மட்டும் அவரிடம் உண்டு. நிமிர்ந்து கரையைப் பார்த்து, டின் இருந்த கையை உயர்த்தினார். “ஆணி குடிச்சிட்டுதடா! வெடியைக் கொளுத்துங்கோ!”

வெடி படபடவென்று போனது, நிரோ சாரியோடு தண்ணீருக்குள் ஓடி வருகிறாள், டெனிஸ்ரன் குடையோடு பின்னால். அவர்கள் வந்து சேர்வதற்கு முன், சம்மாட்டியார் தக்கையிலிருந்து கையை எடுக்காமலே குரலைத் தாழ்த்தினார். “சம்பந்தி.” “சொல்லுங்கோ.” “அந்தக் கொப்பிலை மிச்சம் கிடக்கோ? இந்தத் துளைக்கும் அதிலையே ஒண்டு சீவிப் போட்டா...” மரத்தைப் பார்த்தேன். வெயில் சாய்ந்து இலையெல்லாம் செம்பு நிறமாக இருந்தது, பத்தை. “மிச்சத்திலை அவளுக்கு மத்து செய்தாச்சு. பிள்ளைக்கு ஒரு கொப்புத்தான் வெட்டலாம், அது உங்களுக்கும் தெரியும். உங்கடை மகனுக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை பிறக்கட்டும். அவள் வளந்து சாமத்தியப்படட்டும். அண்டைக்கு அந்த மரத்திலை நானே வெட்டித் தாறன்.” மனதுக்குள் வருசத்தைக் கூட்டிப் பார்த்தார் போல, வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. “அதுவரைக்கும் இதுக்கு என்ன செய்யிறது?”

அவரது மற்றக் கையில் இன்னும் அந்த டின் இருந்தது. “ரெசினைப் பூசுங்கோ” என்றேன். “அதுக்குத்தானே கொண்டந்தனியள்.” பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒருவரது கையையும் பிடிக்காமல், வள்ளத்திலிருந்து கடலுக்குள் இறங்கினேன்.